பழைய ஜெட் மூன்று: கல்ஃப்ஸ்ட்ரீமா, குளோபலா, ஃபால்கனா?

"லண்டனுக்கு நிக்காமப் போகுமா தம்பி?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழா அன்று, அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். ஒரு லாரியில் தொடங்கி, இன்று செம்பனை ஆலை, இந்தோனேசியாவின் கலிமந்தானில் தோட்டம் என்று வளர்ந்திருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'தவுக்கே', அதாவது முதலாளி. கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து, நெடுந்தூரம் பறக்கும் பழைய ஜெட் ஒன்று வாங்கப் பார்க்கிறார். நான் கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் விமான நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளன் என்பதால் தரகர் அனுப்பிய தாள்கள் என் மடிக்கு வந்தன. 2010இல் தயாரான கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550, 2013இன் பம்பார்டியர் குளோபல் 6000, 2009இன் டஸ்ஸோ ஃபால்கன் 7எக்ஸ் என்று மூன்று விமானங்கள்.

ஜெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படிப்பது அபூர்வம்தான். ஆனால் இவற்றுக்கு எண்ணெய் ஊற்றுபவர்கள், சக்கரம் மாற்றுபவர்கள், ஓட்டுபவர்கள் என்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த விமானம் எதற்கு என்று அவர்களிடமும் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கை பழகியது ஃபால்கனில்தான். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக இருந்தபோது மூன்றுமே ஐந்து, ஆறு கோடி அமெரிக்க டாலர் ரகம். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடியபின் அதில் கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் சந்தைக்கு வந்துவிடும். இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். விலைதான் இறங்குகிறது, செலவு இறங்குவதில்லை. ஆறு கோடி டாலர் விமானத்துக்கான உதிரிப்பாகம், அந்த விமானம் ஒன்றரைக் கோடிக்கு விற்றாலும் ஆறு கோடி டாலர் விமானத்தின் விலையில்தான் வரும். ஆகவே எது மலிவு என்று ஆராய்வதில் பயனில்லை. உங்களுடைய பயணங்களுக்கு எது பொருந்தும், அடுத்த பெரிய செலவு எந்த ஆண்டில் விழும் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

லண்டன் கணக்கு

தாள்களில் தூரம் இப்படி இருந்தது. ஜி550: 12,500 கிலோமீட்டர். குளோபல் 6000: 11,100. ஃபால்கன் 7எக்ஸ்: 11,000. கோலாலம்பூரிலிருந்து லண்டன், நேர்கோடு இழுத்தால் சுமார் 10,600 கிலோமீட்டர். "அப்ப மூனுமே போகுமே!" என்றார் அண்ணன். தரகர் எதிர்பார்ப்பதும் இந்தப் பதிலைத்தான்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். எட்டுப் பயணிகள், காற்றே அடிக்காத வானம், வளையாத வழி. வேகமும் ஒன்றில்லை. ஜி550இன் 12,500 என்பது ஒலிவேகத்தில் 0.80 பங்கு வேகத்தில் பறந்தால் கிடைப்பது. குளோபலின் 11,100, 0.85இல் கிடைப்பது. அதே 0.85க்கு ஜி550ஐ விரட்டினால் அதன் தூரமும் 11,100க்கு வந்து நிற்கும். அதாவது ஒரே வேகத்தில் பறக்க வைத்தால் இரண்டும் சமம். ஜி550க்கு இருக்கும் சாமர்த்தியம், மெதுவாகப் பறந்து எண்ணெயை மிச்சம் பிடிப்பதுதான். ஃபால்கனின் எண்ணும் 0.80 வேகத்துக்கு உரியது.

இனி காற்று. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. வழி முழுவதும் சராசரியாக 40 நாட், அதாவது மணிக்கு 75 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். 0.80இல் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர். தரைமேல் கிடைப்பது 775தான். இந்தக் கணக்கில் 10,600 கிலோமீட்டர் வழி, விமானத்துக்கு 11,600 கிலோமீட்டராகத் தெரியும். ஃபால்கனும் குளோபலும் இங்கேயே கழன்றுகொள்கின்றன. ஜி550 மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் ஏறக்குறைய பதின்மூன்றே முக்கால் மணி நேரப் பறப்பில்.

அதோடு முடியவில்லை. அந்த நேர்கோடு எந்த நாடுகளின் மேல் போகிறது? வங்காள விரிகுடா, இந்தியா, ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல், ரஷ்யாவின் தெற்கு, உக்ரைன். மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் வந்துகொண்டிருந்த வழி ஏறத்தாழ இதன் மறுதிசைதான். 2014 ஜூலை 17இல் கிழக்கு உக்ரைன் மேல் அது சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022க்குப் பிறகு உக்ரைன் வானம் முற்றாக மூடிக்கிடக்கிறது. தெற்கே வளைந்து போனால் இன்னும் சில நூறு கிலோமீட்டர் கூடும். அப்போது ஜி550இலேயே ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த நாளில் விமானி எண்ணெய் முள்ளைப் பார்த்தபடிதான் வருவார். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பறக்க இரண்டு விமானிகள் போதாது. மூன்றாமவரையும் அவர் படுக்க ஓர் இடத்தையும் ஏற்பாடு செய்ய வேண்டும். பின்வரிசைப் படுக்கை தவுக்கேக்கு இல்லை என்றாகிவிடும்.

சரி, துபாயில் ஒருமுறை இறங்கினால்? கோலாலம்பூர்–துபாய் சுமார் 5,500 கிலோமீட்டர், துபாய்–லண்டனும் ஏறக்குறைய அவ்வளவே. வழியைச் சரிபாதியாக வெட்டி வைத்தது போல இருக்கிறது. எண்ணெய் ஊற்ற ஒரு மணி நேரம், கால் நீட்டிக்கொள்ளலாம், விமானியையும் மாற்றிக்கொள்ளலாம். இப்படிப் போனால் மூன்றுமே தாராளமாகப் போகும். இதற்கு நெடுந்தூர ஜெட் கூட வேண்டாம், அடுத்த கீழ் ரகமே போதும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை லண்டன் போவீங்கண்ணே?" என்றேன். மகள் அங்கே படிக்கிறாள், இரண்டு மூன்று தடவை என்றார். மிச்சமெல்லாம் ஜகார்த்தா, கலிமந்தான், சென்னை, பெர்த், எப்போதாவது டோக்கியோ. அந்த இரண்டு மூன்று லண்டன் பயணத்துக்காக ஆண்டு முழுவதும் பெரிய தொட்டியைச் சுமந்துகொண்டு பறப்பதா என்பதுதான் கேள்வி.

எண்ணெயின் முரட்டுக் கணக்கும் இருக்கிறது. முழுத் தொட்டியை முழுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஃபால்கனுக்கு 14.5 டன் எண்ணெய், கிலோமீட்டருக்கு 1.3 கிலோ. ஜி550க்கு 18.7 டன், 1.5 கிலோ. குளோபலுக்கு 20.4 டன், 1.8 கிலோ. குளோபலின் எண் வேகமாகப் பறக்கும்போது உள்ளது என்பதால் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். அப்படியும் அதுதான் பெருந்தீனி. சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஃபால்கனுக்கும் குளோபலுக்கும் இடையே இரண்டு டன்னுக்கு மேல் வித்தியாசம் வரும்.

ஈப்போவில் ஏறலாமா?

அண்ணனின் அடுத்த ஆசை, சுங்கை சிப்புட் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஈப்போவில் ஏற வேண்டும் என்பது. சுபாங் ரன்வே 3,780 மீட்டர், அதில் எதுவும் எழும்பும். ஈப்போ ரன்வே சுமார் 2,000 மீட்டர்.

முழு எடையில் எழும்ப ஃபால்கனுக்கு 1,740 மீட்டர் போதும் என்கிறது தாள். ஜி550க்கு 1,800, குளோபலுக்கு 1,975. மூன்றும் 2,000க்குள் அடங்குகிறதே என்று நினைக்கக் கூடாது. இந்த அளவுகள் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்துக்குச் சொன்னவை. ஈப்போவில் மத்தியானம் 33 பாகை. சூட்டில் காற்று லேசாகிவிடும், எஞ்சினும் இறக்கையும் இரண்டுமே சோர்ந்துபோகும். போதாக்குறைக்குச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். ஈப்போவிலிருந்து முழுத் தொட்டியோடு எதையும் கிளப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாதித் தொட்டியோடு ஜகார்த்தாவுக்கோ சென்னைக்கோ போக மூன்றும் போகும்.

இங்கேதான் விளம்பரத்தில் வராத ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும். எவ்வளவு எடையோடு எழும்பலாம் என்பதை எல்லாரும் கேட்பார்கள், எவ்வளவு எடையோடு இறங்கலாம் என்பதை யாரும் கேட்பதில்லை. ஃபால்கன் 31.7 டன்னில் எழும்பி 28.3 டன்னில் இறங்கலாம். ஜி550 41.3இல் எழும்பும், இறங்க 34.2தான். குளோபல் 45.1இல் எழும்பி 35.7க்கு வந்த பிறகே இறங்க முடியும். பங்காகச் சொன்னால் ஃபால்கன் தன் முழு எடையில் பத்தில் ஒன்பது பங்கோடு இறங்கும், குளோபல் எட்டுப் பங்கோடு. சுபாங்கிலேயே வேண்டிய எண்ணெயைப் போட்டுக்கொண்டு பினாங்கில் இறங்கி, கூட்டாளியை ஏற்றிக்கொண்டு, மறுபடி எண்ணெய் லாரிக்குக் காத்திராமல் டோக்கியோவுக்கு விடலாம். இந்த மாதிரி ஓட்டத்தில் ஃபால்கன் மற்ற இரண்டையும் முந்தும். லண்டன் சிட்டி விமான நிலையத்தின் செங்குத்தான இறக்கத்துக்கும் அதற்கு அனுமதி உண்டு. ஊருக்கு நடுவிலேயே போய் இறங்கிக்கொள்ளலாம்.

சுபாங் வானில் 2011

"மத்ததுக்கு ரெண்டு, ஃபால்கனுக்கு மூனு எஞ்சின்னா பாதுகாப்பு கூடத்தானே?" என்றார் பக்கத்தில் இருந்தவர். எஞ்சின் எண்ணிக்கையை வைத்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ காரணமில்லை. ஜி550இலும் குளோபலிலும் இருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் பிஆர்710 நன்றாக உழைக்கும் எஞ்சின்.

ஃபால்கனைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒரு சம்பவம் உண்டு. அது நடந்ததும் நம் வானத்தில்தான். 7எக்ஸ், கணினி வழியே முழுவதுமாக இயக்கப்படும் முதல் பிசினஸ் ஜெட். விமானி கைப்பிடியை அசைத்தால் கம்பி இழுக்காது, மின்குறிப்பு போகும். 2011 மே மாதம் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து சுபாங்குக்கு வந்த 7எக்ஸ் ஒன்று இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது. சுமார் 13,000 அடியில் வாலில் உள்ள கிடைச்சிறகு யாரும் கேட்காமலே திரும்பத் தொடங்கியது. மூக்கு மேலே எழும்பிக்கொண்டே போனது, 40 பாகை வரை. கைப்பிடியை முன்னால் தள்ளியும் பயனில்லை. வேகம் 300 நாட்டிலிருந்து 125க்குச் சரிந்தது. விமானிகளில் ஒருவர் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். மேல்நோக்கி எழும்பும் விசை பக்கவாட்டுத் திருப்பமாக மாறியது, மூக்கு தணிந்தது. 22,500 அடி வரை ஏறிப்போன விமானத்தை அடக்கிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார்கள்.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு உலகெங்கும் இருந்த எல்லா 7எக்ஸ்களையும் தரையில் நிறுத்தியது. பிரெஞ்சு விசாரணையில் தெரிந்த காரணம், அந்தச் சிறகை இயக்கும் மின்னணுப் பெட்டிக்குள் ஒரே ஓர் ஊசியின் பற்றவைப்பில் இருந்த குறை. பிறகு பெட்டியையும் அதைக் கண்காணிக்கும் முறையையும் மாற்றினார்கள். 2009 மாடல் வாங்குபவர் அந்த மாற்றங்கள் லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏறாமல் பறந்திருக்கவே முடியாது, ஆனாலும் தாளைக் கண்ணால் பார்ப்பது நம் வேலை.

உள்ளே

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. குளோபல் அகலம், 2.49 மீட்டர். ஃபால்கன் 2.34, ஜி550 2.24. உயரம் மூன்றிலும் 1.9 மீட்டரை ஒட்டித்தான். ஜி550இன் முட்டை வடிவப் பெரிய ஜன்னல்களுக்குத் தனிக் கூட்டமே உண்டு. குளோபலில் பத்துப் பேர் ஒருவர் தோளில் ஒருவர் இடிக்காமல் உட்காரலாம். தோலிருக்கையின் நிறம், மரப்பலகையின் மினுமினுப்பு இதையெல்லாம் பார்த்து விலை பேசாதீர்கள். அவை மாற்றக்கூடியவை. விற்பவர் முதலில் துடைத்து வைப்பதும் அவற்றைத்தான்.

விமானி அறையில் குளோபல் 6000 புதியது. ராக்வெல் காலின்ஸ் திரைகள், பனியிலும் இருட்டிலும் தரையைப் படமாகக் காட்டும் வசதி. மற்ற இரண்டிலும் ஹனிவெல் அமைப்பு. ஃபால்கனில் அதன் பெயர் ஈஸி, அதை இரண்டாம் பதிப்புக்கு ஏற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

நாட்காட்டிதான் விலை

விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதக் கணக்கில் வரும் பெரிய சோதனைகள் உண்டு. ஜி550க்கு 96ஆம் மாதத்தில் ஒன்று, 192ஆம் மாதத்தில் அதைவிடப் பெரிய ஒன்று. குளோபலுக்கு 120ஆம் மாதம்தான் கனமானது. ஃபால்கனுக்கு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை சி-செக். உள்ளறையை முழுவதும் பிரித்து, தரைப்பலகையைக் கழற்றி, எலும்புக்கூட்டைப் பார்க்கும் வேலை இது. வாரக்கணக்கில் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும். பல லட்சம் டாலர் பில் வரும், உள்ளே அரிப்பு கண்டுவிட்டால் அதற்கு மேலும்.

இப்போது அந்த மூன்று தாள்களையும் ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள். 2010இன் ஜி550க்கு 192 மாதம் 2026இல் விழுகிறது. அந்தத் தாளில் கேட்ட விலை, அதே வயதுடைய மற்ற ஜி550களைவிடக் கணிசமாகக் குறைவு. அண்ணன் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தார். விற்பவர் அந்தச் சோதனைக்குப் பணம் கட்ட விரும்பவில்லை, அதை உங்கள் தலையில் வைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். 2013இன் குளோபலுக்கு 120 மாதம் 2023இல் முடிந்திருக்க வேண்டும். அடுத்தது 2033. நாட்காட்டிப்படி மூன்றில் சுத்தமானது இதுவே. 2009இன் ஃபால்கனுக்கு முதல் சி-செக் 2017, இரண்டாவது 2025. இரண்டாவது முடிந்துவிட்டதா என்று தாளில் ஒரு வரி இல்லை. இல்லாத வரிதான் பேரம் பேச வேண்டிய வரி.

எஞ்சின் கதையும் இதே ஜாதி. மணிக்கு இவ்வளவு என்று எஞ்சின் செய்பவரிடமே கட்டிக்கொண்டு வருவது புரோகிராம். பிஆர்710க்கு ரோல்ஸ்-ராய்ஸின் கார்ப்பரேட்கேர், ஃபால்கனின் பிடபிள்யூ307ஏக்கு பிராட் அண்ட் விட்னி கனடாவின் திட்டம். கட்டிவந்த விமானத்தில் எஞ்சின் பழுதானால் திட்டமே பார்த்துக்கொள்ளும். கட்டாத விமானத்தில் ஒரு பிஆர்710 முழுச் சீரமைப்புக்குப் போனால் பில் மில்லியன் டாலர் கணக்கில். ஃபால்கனுக்கு மூன்று எஞ்சின், மூன்று கட்டணம். ஒவ்வொன்றும் சிறிய எஞ்சின் என்பதால் தொகை மூன்று மடங்காகாது, ஆனால் இரண்டுக்குக் கட்டுவதைவிட மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புரோகிராமில் இல்லாத விமானம் எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொட மாட்டேன், ஃபால்கனே ஆனாலும்.

ஹேங்கர் எங்கே

டஸ்ஸோ 2019இல் எக்ஸிகியூஜெட்டின் பராமரிப்புப் பிரிவை வாங்கியது. அதன் தளம் சுபாங்கிலேயே இருக்கிறது. ஃபால்கன் பழுதானால் வீட்டு வாசலில் மருத்துவமனை. பம்பார்டியரின் சொந்தச் சேவை மையம் சிங்கப்பூர் சிலேத்தாரில். கல்ஃப்ஸ்ட்ரீமுக்கும் அங்கேதான், அதே ஜெனரல் டைனமிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜெட் ஏவியேஷனிடம். சிலேத்தார் ஒன்றும் தூரமில்லை, ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். ஆனால் பறக்க முடியாத நிலையில் விமானம் சுபாங்கில் நிற்கும்போது, ஆளும் கருவியும் உதிரிப்பாகமும் எல்லை தாண்டி வரவேண்டும். இங்கே உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு அந்தக் காத்திருப்பின் அருமை தெரியும்.

தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்

நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா நிற்கும் விமானம், ஓடும் விமானத்தைவிட வேகமாகக் கெடும். மலேசிய அரசு நிதியில் கையாடல் நடந்த 1எம்டிபி விவகாரத்தில் சிக்கிய குளோபல் 5000 ஒன்று சிலேத்தாரில் நின்றே கிடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். குறைந்த மணி நேரமே பறந்தது என்று தரகர் பெருமையாகச் சொன்னால் நான் உஷாராகிவிடுவேன். பதினைந்து ஆண்டில் மிகக் குறைவாகப் பறந்திருக்கிறது என்றால் மிச்ச நேரம் எங்கே, எந்தக் காற்றில் நின்றது?

வாங்குமுன் செய்யும் ப்ரீ-பை சோதனையில் நான் முதலில் தூக்கச் சொல்வது முன்பக்கச் சமையலறைக்கும் கழிவறைக்கும் கீழே இருக்கும் தரைப்பலகையை. காபி, பழச்சாறு, கை கழுவிய தண்ணீர் எல்லாம் வருடக்கணக்கில் சொட்டும் இடம் அது. டார்ச் அடித்துப் பார்த்தால் அலுமினியச் சட்டத்தின் விளிம்பில் வண்ணப்பூச்சு கொப்புளமாக உப்பியிருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். அந்தப் பொடியின் கீழே உலோகம் எவ்வளவு மிச்சம் என்று சுரண்டிச் சுத்தம் செய்து அளந்தால்தான் தெரியும். அளவு குறைந்துவிட்டால் சட்டத்தையே வெட்டி மாற்ற வேண்டியிருக்கும், வரைபட அனுமதி உற்பத்தியாளரிடமிருந்து வரவேண்டும். பளபளக்கும் இருக்கைக்கு இரண்டடி கீழே இது நடந்துகொண்டிருக்கும்.

எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டுச் சுழல்தகடுகளைப் பார்ப்பது வழக்கமான வேலை. அதைவிட முக்கியம் லாக்புக். முதல் நாளிலிருந்து எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். நடுவில் சில மாதப் பதிவு காணாமல் போன விமானத்தை நாளை நீங்கள் விற்கப் போகும்போது எந்த வாங்குபவரும் சும்மா விட மாட்டார். சோதனையை இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்து வந்தவர்களிடமே கொடுக்காதீர்கள். தங்கள் வேலையைத் தாங்களே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

(சக்கரத்தையும் பார்ப்போம். அதிகம் சூடேறாமல் உழைப்பதில் இயற்கை ரப்பருக்கு ஈடில்லை என்பதால் விமான டயரில் இன்றும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. எங்கள் ஊரில் கித்தா (ரப்பர்) மரம் சீவிய பாட்டிமார்கள் இதைக் கேட்டால் மெதுவாகச் சிரிப்பார்கள்.)

மூவர் கூட்டு

"துன் சம்பந்தன் தொழிலாளிகள்கிட்ட பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கலையா, அது மாதிரி நாங்க மூனு பேர்" என்றார் அண்ணன் சிரித்துக்கொண்டே. சம்பந்தன் சுங்கை சிப்புட்டின் அரசியல் தலைவர். அவர் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஊர்க்காரர்களுக்கு நாக்கு நுனியில் இருக்கும். ஒரு வித்தியாசம், தோட்டத்தை எல்லாரும் ஒரே நாளில் கேட்க மாட்டார்கள். தீபாவளி வாரம் விமானம் யாருக்கு, கலிமந்தானில் டயர் வெடித்தால் பில் யாருக்கு, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு எடுப்பது, இதையெல்லாம் வாங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். மூவரும் சேர்ந்து ஆண்டுக்கு 200 மணி நேரம்கூடப் பறக்கப் போவதில்லை என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். அண்ணன் காதில் அது ஏறவில்லை. சொந்த விமானம் என்ற ஆசைக்குக் கணக்கு தெரியாது, அதில் நான் தலையிடவில்லை.

என் தேர்வு என்ன என்று நேராகக் கேட்டார், நேராகவே சொன்னேன். மாதம் ஒருமுறை நிற்காமல் லண்டன் போயே ஆகவேண்டும் என்பவர் ஜி550ஐத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம், ஆனால் 192 மாதச் சோதனை முடித்த ஒன்றை. 600க்கு மேல் செய்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். கூட்டமாகப் போகிறவர், இரவில் படுத்துத் தூங்க வேண்டும், எண்ணெய் பில்லைப் பார்த்து முகம் சுளிக்காதவர் என்றால் அந்த 2013 குளோபல். மூன்று தாளில் உண்மையில் நல்ல நிலையில் இருக்கிற விமானம் அது என்பதை ஃபால்கன்காரனான நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜகார்த்தா, சென்னை, பெர்த் என்று ஓடி, ஈப்போவில் ஏறி, பினாங்கில் ஆள் எடுத்து, ஆண்டில் இரண்டு மூன்று தடவை துபாய் வழியாக லண்டன் போகும் இந்த அண்ணனுக்கு ஃபால்கன் 7எக்ஸ்தான்.

அதிலும் ஒரு நிபந்தனை வைத்தேன். இரண்டாவது சி-செக் முடித்த சான்றும் எஞ்சின் புரோகிராம் பாக்கியில்லை என்ற கடிதமும் முதலில் வரட்டும். சி-செக் முடியவில்லை என்றால் அதை விற்பவர் செலவில் சுபாங்கில் செய்யச் சொல்லுங்கள், அல்லது அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முன்பணம் தரகர் கணக்குக்குப் போகக் கூடாது. அமெரிக்கப் பதிவெண் உள்ள விமானம் என்பதால் ஒக்லஹோமா சிட்டியில் இதற்கென்றே இருக்கும் மூன்றாம் தரப்பு எஸ்க்ரோ கணக்கில் (வியாபாரம் முடியும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் கணக்கில்) போட்டு வையுங்கள். ப்ரீ-பை சோதனையில் பெரிய குறை தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "அந்தத் தரைப்பலகையத் தூக்கற அன்னைக்கு நானும் வர்றேன் தம்பி" என்றார்.